மறு: ‘ஓர்மலு’வுக்குத் தமிழ் – பொன்வெண்கலமா?

> பழைய பிரெஞ்சுப் பளிங்குச் சாடிகளில் கைப்பிடி, விளிம்பு, பீடம் எல்லாம் ஓர்மலு. ‘பொன்வெண்கலம்’ என்று வைத்துவிடலாமா?

ஐயா, வணக்கம்.

கேட்க அழகுதான். ஆனால் ஐம்பொன் மாதிரி உருக்கிச் சேர்த்த கலவை என்று நினைக்க வைத்துவிடும். ஓர்மலு (ormolu) என்பது பொன் முலாம் பூசிய உலோக வேலைப்பாடு; பொன் மேலே மட்டும்தான். உள்ளே இருப்பதும் பல நேரம் துத்தநாகம் கூடி, பித்தளைப் பக்கம் சாய்ந்த உலோகம்.

பிரெஞ்சில் ‘ஓர் மூலு’ என்றால் அரைத்த பொன். வினைத்தொகையாக ‘அரைபொன்’ என்று ஆக்கிப் பார்த்தேன். வீட்டில் சொன்னதும், “அரைப் பவுனா?” என்றார்கள். விட்டுவிட்டேன்.

செய்முறையைப் பார்த்தால் சொல் தானாக வருகிறது. பொன்னைப் பாதரசத்தோடு குழைத்து, வார்த்துச் செதுக்கிய உலோகத்தின்மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். ரசம் ஆவியாகிவிடும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி பட்டறைக்காரர்களின் உயிரைக் குடித்தது வேறு கதை. அப்புறம் சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். சிலவற்றை மங்கலாகவே விடுவார்கள். பிரெஞ்சுக் கைவினைஞர் பியேர் குத்தியேர் (1732–1813) இந்த மங்கல் பூச்சுக்குப் பேர்போனவர். லண்டன் வாலஸ் அருங்காட்சியகத்தில் அவர் செய்த ஜாஸ்பர் கல் தூபக்கலம் இருக்கிறது: மூன்று கால்கள், நடுவே சுருண்ட பாம்பு. 1782இல் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் 12,000 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்து வாங்கியது.

ஆகவே, ‘ரசமுலாம்’. ரசம் போன கண்ணாடியைத் தெரியாதவர் யார்? 1840களில் பரவிய மின்முலாமோடு ஜோடியாகவும் நிற்கும். பழம்பொருள் வாங்குவோர் முதலில் கேட்பதும் இரண்டில் எது என்றுதான்.



இதில் ஒரு நெருடல்: ஓர்மலு பூச்சை மட்டும் சொல்வதில்லை, பூசிய பொருளையும் சொல்லும். ‘ரசமுலாம் கைப்பிடி’ சரி. தனிப்பொருளுக்கு ‘ரசமுலாம் வெண்கலம்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

சாடியைப் ‘பூச்சாடி’ ஆக்காதீர்கள். மூடி திறக்காத சாடிகளும் உண்டு, பூவை எங்கே வைப்பது? கலசம் என்றால் கும்பாபிஷேகம் ஞாபகம் வருகிறது. வெறும் சாடியே போதும்.

‘முலாம்’ தமிழா என்று அடுத்த மடல் வரும், தெரியும். பொற்பூச்சு என்று மாற்றினால் தங்க ரேக்கு ஒட்டியதும் அதில் சேர்ந்துவிடும். நம் நகைக்கடைக்காரர் முலாம் என்றுதான் சொல்கிறார்.