உயிரியலை விரும்பும் மாணவி இயற்பியலை விட்டுவிடலாமா?

கேள்வி: ஒரு மாணவியின் தாய்

வணக்கம். என் மகள் அடுத்த கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி இரண்டு ஆண்டுகளுக்குள் நுழைகிறாள். கணிதம் அனைவருக்கும் கட்டாயம். அதற்கு மேல் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய ஐந்தில் மூன்றை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடமும் பொது நிலை, உயர் நிலை என்று இரண்டு ஆழங்களில் நடத்தப்படுகிறது.

அவளுக்கு உயிரியலின் மீதுதான் ஈடுபாடு. செடிகளின் இலை நரம்புகளையும் பூச்சிகளின் இறக்கை அமைப்பையும் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைவாள். ஆனால் இயற்பியல் என்றாலே முகம் சுருங்கிவிடுகிறது. "உயிரியல், வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றும் எனக்குப் போதும்" என்கிறாள். நெருங்கிய உறவினர்களோ, வருங்காலம் முழுவதும் கணினியில்தான் இருக்கிறது என்பதால் கணினி அறிவியலை எடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். நான் அறிவியல் படித்தவள் அல்லள். எந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இயற்பியலை இப்போது விட்டுவிட்டால் பிற்பாடு அவளுக்கு எந்தெந்த வழிகள் அடைபடும்? விட்ட பாடத்தைக் கல்லூரியில் படித்துக்கொள்ள இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. நான் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் என் பாடத்துக்குப் பரிந்து பேசுவதாகத் தோன்றக்கூடும். ஆகவே காரணத்தைச் சொல்லிவிட்டு முடிவை உங்களிடமே விடுகிறேன்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எது பிடிக்கும் என்று கேட்பதோடு, எதைப் பிற்காலத்தில் தனியாக ஈடுகட்டுவது கடினம் என்றும் கேட்க வேண்டும். கணிதமும் இயற்பியலும் படிக்கட்டைப் போன்றவை. விசை புரியாமல் ஆற்றல் புரியாது. ஆற்றல் புரியாமல் மின்னழுத்தம் புரியாது. நடுவில் நான்கு படிகள் இல்லாதவர் கல்லூரியில் ஒரே பருவத்தில் அவற்றைக் கட்டி ஏறுவது அரிது. வேதியியலும் ஓரளவு அப்படித்தான். மோல் என்ற கருத்து, அதாவது 6.022 × 10²³ துகள்களை ஓர் அலகாக எண்ணும் முறை, மனத்தில் படியாதவருக்குக் கரைசலின் செறிவு, வினையின் அளவுகள், அமில கார நடுநிலையாக்கம் எல்லாமே வெறும் சூத்திரங்களாக நின்றுவிடும்.

உங்கள் மகளின் அச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இயற்பியலுக்கு அஞ்சுவதாகச் சொல்லும் மாணவர்களில் பெரும்பாலானோர் உண்மையில் இயற்பியலுக்கு அஞ்சுவதில்லை என்பதே பல ஆண்டுகளாக நான் வகுப்பில் கண்டது. சொற்களில் தரப்பட்ட நிலைமையைக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் ஒரு வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 2 மீட்டர் கூடுகிறது என்று சொல்லி, 5 விநாடியில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேளுங்கள். சூத்திரம் எதையும் தராதீர்கள். நேரத்தைக் கிடை அச்சிலும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். ஐந்தாம் விநாடியில் வேகம் 10. கோட்டுக்குக் கீழே கிடைப்பது ஒரு முக்கோணம். அதன் பரப்பு 25. ஆகவே தூரம் 25 மீட்டர். பரப்பு ஏன் தூரமாகிறது என்பதை அவள் தன் சொற்களில் விளக்கிவிட்டால் இயற்பியல் அவளுக்கு எட்டாத பாடம் அன்று. வரைபடத்திலேயே நின்றுவிட்டால் குறை கணித அடிப்படையில் இருக்கிறது. அது எந்த அறிவியலை எடுத்தாலும் கூடவே வரும், இந்த விடுமுறையிலேயே அதைச் சரிசெய்வது நல்லது.

மறுமொழி 2: உயிரியல் ஆய்வு மாணவி

அம்மா, உங்கள் மகள் எடுக்க நினைக்கும் முடிவை அதே வயதில் எடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் இயற்பியலை விட்டேன். கல்லூரியில் உயிரியல் கிடைத்தது, வழி அடைபடவில்லை. ஆனால் முதலாம் ஆண்டிலேயே நுண்ணோக்கியின் பிரிதிறன், அதாவது நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறன், ஒளியின் அலைநீளத்தைச் சார்ந்தது என்றார்கள்; டிஎன்ஏ துண்டுகளை மின்புலத்தில் நகரவிட்டு நீளவாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள்; ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அதன் செறிவை மடக்கை கொண்டு கணக்கிடச் சொன்னார்கள். உடன் படித்தவர்கள் செய்முறையில் கவனம் செலுத்தியபோது நான் அலைநீளம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஓராண்டு முழுவதும் மாலை நேரங்களை அதற்கே கொடுத்தேன். ஆகவே, விட்டதைப் பிறகு பிடிக்க முடியும். பிடிக்கும் காலம் மட்டும் நீங்கள் விரும்பும் பாடத்திலிருந்துதான் கழியும்.

முதல் மறுமொழியில் நேரடியாகச் சொல்லப்படாவிட்டாலும், உயிரியலைப் பிறகு எளிதாகப் படித்துக்கொள்ளலாம் என்ற பொருள் அதில் தொனிக்கிறது. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. உயிரியலை மனப்பாடப் பாடம் என்று நினைப்பவர்கள் அதன் தேர்வுத்தாளை மட்டும் பார்த்தவர்கள். ஒரு நரம்புச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. இது மிகச் சிறிய அளவு என்று தோன்றும். ஆனால் அந்தச் செல் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் சவ்வின் குறுக்கே மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் நிற்கிறது! பொட்டாசியமும் சோடியமும் சவ்வின் இருபுறமும் சமமின்றி இருப்பது வேதியியல். அந்த மின்புலம் இயற்பியல். அதைக் கொண்டு ஓர் உயிர் வலியை உணர்வது உயிரியல். மூன்றையும் ஒரே பார்வையில் காணும் பொறுமை ஒரே நாளில் வருவதில்லை. இலை நரம்புகளை மணிக்கணக்கில் வரையும் பெண்ணிடம் அந்தப் பொறுமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதை எக்காரணம் கொண்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

பாடங்களுக்கு இடையே உள்ள சுவர் மெல்லியது என்பதற்கு வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் 1976-இல் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில். அதன் பிறகு மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்த பணிக்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அது வழங்கப்பட்டதோ வேதியியலுக்கு. பட்டாணிச் செடிகளில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலும் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர்தாம். செடிகளை எண்ணி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் காணும் கணிதக் கண் அவருக்கு இருந்தது.

மறுமொழி 3: மென்பொருள் துறையில் பணிபுரிபவர்

உறவினர்கள் கணினி அறிவியலை வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்துறையில் வேலை செய்பவன் என்பதால் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணினி இனி எல்லா அறிவியலுக்கும் தேவை என்பதில் ஐயமில்லை. புரதங்கள் எப்படி மடிந்து வடிவம் பெறுகின்றன என்பதைக் கணிக்கும் கணினி நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் இதிலிருந்து பள்ளியிலேயே கணினி அறிவியலை எடுக்க வேண்டும் என்ற முடிவு வராது. நிரல் எழுதக் கற்க ஒரு கணினியும் விடாமுயற்சியும் போதும். தவறு செய்தால் திரையே காட்டிக்கொடுக்கும், திருத்திக்கொண்டு மேலே போகலாம். அமிலத்தை அளந்து ஊற்றவும், திசுவை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடி வில்லையில் பொருத்தவும் அப்படி வீட்டில் கற்க முடியாது. ஆய்வகமும் அருகில் நிற்கும் ஆசிரியரும் பள்ளியில் கிடைக்கும்போதே அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அறிவு.

உங்கள் மகளுக்குக் கணினியில் உண்மையான விருப்பம் இருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அப்போதும் பாடத்திட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆயத்த மென்பொருள்களை இயக்கக் கற்பிப்பது ஒன்று; ஒரு சிக்கலைப் படிகளாகப் பிரித்துத் தீர்வு காணக் கற்பிப்பது வேறு. இரண்டுமே ஒரே பெயரில் நடத்தப்படுவதுண்டு.

மறுமொழி 4: சுற்றுச்சூழல் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள தாய்க்கு வணக்கம். என் பாடத்தைச் சிலர் கணக்கு இல்லாத எளிய அறிவியல் என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. அப்படி வரும் மாணவர்களும் பிறகு ஏமாற்றமே அடைகிறார்கள்.

அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயிலுள்ள மௌனா லோவா எரிமலைச் சரிவில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. அவர் அதை அளந்தது அந்த வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் தன்மையைக் கொண்டு; அது இயற்பியல். அந்த வாயு கடலில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுவது வேதியியல். அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவான பிஎச், கடல் மேற்பரப்பில் 8.2-இலிருந்து 8.1-க்குக் குறைந்துள்ளது என்பதைக் கேட்டு, இவ்வளவுதானா என்று மாணவர்கள் கேட்பார்கள். பிஎச் மடக்கை அளவு, அதாவது அதில் 1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும் என்பதை அறிந்தவருக்குத்தான் 0.1 குறைவு என்பது ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 26 விழுக்காடு கூடியதைக் குறிக்கிறது என்று தெரியும். ஆகவே இயற்பியலுக்கு மாற்றாக என் பாடத்தை எடுப்பதில் பொருள் இல்லை. மூன்று இடங்களே இருக்கும் நிலையில், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்துவிட்டுக் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வரும் மாணவியை நான் இருகரம் நீட்டி வரவேற்பேன்.

இன்னொன்று. வழி அடைபடுமா என்ற கேள்விக்கு எங்கள் யாருடைய கருத்தும் முடிவான விடை ஆகாது. உங்கள் மகளுக்கு ஆர்வமுள்ள நான்கைந்து பட்டப்படிப்புகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் சேர்க்கை விதிகளையும் அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் அறிவிப்பிலேயே படியுங்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகள் பெரும்பாலும் வேதியியலையும் உயிரியலையும், பொறியியல் படிப்புகள் கணிதத்தையும் இயற்பியலையும் கேட்கும். ஆனால் எந்த நிலையில் படித்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன வண்டிக் கணக்கை நேற்று மாலை அவளிடம் கொடுத்தேன். வரைபடத்தை மிக அழகாக வரைந்துவிட்டாள். முதலில் 10-ஐ 5-ஆல் பெருக்கி 50 மீட்டர் என்றாள். பிறகு தானாகவே, "வண்டி முழு நேரமும் 10-இல் ஓடவில்லையே, பாதி வேகத்தில் ஓடியதாகத்தானே கொள்ள வேண்டும்" என்று சொல்லி 25-க்கு மாற்றினாள். அது சரியான விடை என்று நான் சொன்னபோது, இதுதான் இயற்பியலா என்று கேட்டாள்.

நரம்புச் செல்லைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தாள். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று எடுக்க இப்போது இணங்குகிறாள். ஆனால் மூன்றையும் உயர் நிலையில் எடுக்கத் தயங்குகிறாள். எதைப் பொது நிலையில் வைக்கலாம்?

மறுமொழி 5: இயற்பியல் ஆசிரியர்

அம்மா, 50 என்று சொல்லிவிட்டுத் தானே திருத்திக்கொண்டாளே, அது நேராக 25 என்று சொல்லியிருப்பதைவிட எனக்கு அதிக மகிழ்ச்சி தருகிறது. சராசரி வேகம் என்ற கருத்தை யாரும் சொல்லாமலே கண்டடைந்திருக்கிறாள்.

உயிரியலையும் வேதியியலையும் உயர் நிலையிலும், இயற்பியலைப் பொது நிலையிலும் எடுக்கட்டும். அவள் செல்ல விரும்பும் திசைக்கு மூலக்கூறுகளின் வேதியியல் ஆழமாகத் தேவை. இயற்பியலில் விசை, ஆற்றல், மின்னோட்டம், அலைகள் ஆகியவற்றின் தெளிவு போதும். கணிதத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் வரும் பகுதியை மட்டும் தவிர்த்துவிட வேண்டாம். உயிரியல் சோதனைகளின் முடிவுகளைப் பொருள்கொள்ள அவையே கருவி. சேர்க்கை விதிகளைப் பார்க்கும்போது அவற்றுள் ஏதேனும் ஒன்று உயர்நிலை இயற்பியலைக் கேட்டால், முதல் பருவம் முடிவதற்குள் நிலையை மாற்றிக்கொள்ளப் பள்ளி அனுமதிக்குமா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது, செய்முறை வகுப்பில் எத்தனை மாணவர்களுக்கு ஒரு கருவி என்பதையும் கேளுங்கள்.