பக்கத்து க்யூபிட் 1-ல் இருந்தால் கட்டம் நகர்கிறது: பல்ஸ் கசிவா, இசட்-இசட்டா?

கோத்தகிரி மாணவி:
வணக்கம். கிளவுட் வழியாக ஒரு குவாண்டம் கணினியில், 5 டிரான்ஸ்மான்கள் (மீக்கடத்தி க்யூபிட்கள், அதாவது குவாண்டம் பிட்கள்) வரிசையாக உள்ள சிப்பில் சோதனை. விலகலை (க்யூபிட்டின் அதிர்வெண்ணுக்கும் இயக்கும் அலைக்கும் வேண்டுமென்றே வைக்கும் வித்தியாசம்) 200 கிலோஹெர்ட்ஸ் வைத்து 'அ' க்யூபிட்டில் ராம்சே (இரு பல்ஸுக்கு நடுவே காத்திருந்து கட்ட நகர்வை அளக்கும் சோதனை) பார்த்தேன். பக்கத்து 'ஆ' 0-ல் இருந்தால் அலைவு 212 கிலோஹெர்ட்ஸ், ஆ-வை 1-க்கு ஏற்றினால் 148. சும்மா விடும் 5 மைக்ரோவினாடிக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் எக்ஸ் பல்ஸ் (0, 1-ஐ இடம்மாற்றும் பல்ஸ்) போட்டு டிகப்ளிங் (திருப்பித் திருப்பிக் கட்டப் பிழையை ரத்து செய்யும் முறை) செய்தும் பலன் இல்லை. ஒரு க்யூபிட்டின் பல்ஸ் மற்றதில் கசிகிறதா?

குன்னூர் மைக்ரோவேவ்:
கசிவு இல்லைங்க. ராம்சே காத்திருப்பில் பல்ஸே ஓடவில்லை, அப்புறம் எது கசியும்? இது எப்போதும் உயிரோடிருக்கும் இசட்-இசட் பிணைப்பு: ஒன்றின் அதிர்வெண் மற்றதன் நிலையைப் பொறுத்து மாறும். இரண்டும் 1-ல் உள்ள 11 நிலையின் ஆற்றலை, ஒன்று மட்டும் 2-ஆம் மட்டத்தில் உள்ள 02, 20 நிலைகள் தள்ளிவிடுவதால் வருகிறது. அளவு 148 − 212 = −64 கிலோஹெர்ட்ஸ். 5 மைக்ரோவினாடியில் 360 × 0.064 × 5, அதாவது 115 டிகிரி. சின்ன எண் மாதிரி தெரியும், கணக்கையே கவிழ்த்துவிடும்.

முதலில் விலகலை 400 ஆக்கி மறுபடி அளங்க. வித்தியாசம் 64-லேயே நின்றால் நம்பலாம்.

டிகப்ளிங் ஏன் தோற்றது? இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் இரண்டின் இசட் குறியும் (+, −) சேர்ந்து மாறும், பெருக்கற்பலன் மாறாது. தனி இசட் பிழை போகும், இசட்-இசட் அப்படியே தங்கும். நேரத்தைத் தள்ளி வையுங்க: அ-வுக்கு 2.5, 5 மைக்ரோவினாடியில், ஆ-வுக்கு 1.25, 3.75-ல். மூன்றாவது க்யூபிட்டுக்கு அ-வின் நேரம், நான்காவதுக்கு ஆ-வின் நேரம் என்று மாற்றி மாற்றி.

ஃபெர்ன்ஹில்:
கசிவையும் தனியாகப் பார்த்துவிடலாம், பல்ஸை நேரடியாக வடிவமைக்க அனுமதி இருந்தால். ஆ-வின் கம்பியில் அ-வின் அதிர்வெண்ணை அனுப்பி, அ-வில் ராபி அலைவு (0-க்கும் 1-க்கும் இடையே ஊசலாட்டம்) வருகிறதா பாருங்கள். கம்பிகளுக்கிடையே 40 டெசிபெல் தனிமை (கசிவுத் தடுப்பு) என்றால் வீச்சு நூறில் ஒன்று: 20 மெகாஹெர்ட்ஸ் ராபி அங்கே 0.2 ஆகும். அதிர்வெண் 100 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் ஸ்டார்க் நகர்வு (கசிந்த அலையால் வரும் அதிர்வெண் மாற்றம்) 0.2 கிலோஹெர்ட்ஸ்தான், விட்டுவிடலாம். 20 டெசிபெல் மட்டுமே என்றால் அதுவே 20 கிலோஹெர்ட்ஸ். அதை அ-வின் கம்பியில் எதிர்க்கட்ட அலை அனுப்பித்தான் அணைக்க வேண்டும்.

இசட்-இசட்டை வேரிலேயே அடக்க, மாற்றக்கூடிய கப்ளர் (க்யூபிட்களுக்கு நடுவில் உள்ள இணைப்பு) வைப்பார்கள். கூகுளின் சிகமோர் சிப் (2019) அப்படித்தான். அதிலும் இரு க்யூபிட் பிழை தனித்தனியே இயக்கினால் 0.36%, எல்லாம் சேர்ந்து இயங்கும்போது 0.62%.

கொடை இயற்பியல்:
ஒரு எச்சரிக்கை. ஷாட்களை (சோதனையின் ஒவ்வொரு ஓட்டத்தையும்) நேர வரிசையில் பாருங்கள். சில ஷாட்களில் மட்டும் பல க்யூபிட்கள் ஒன்றாக 0-க்குச் சரிந்தால் அது கிராஸ்டாக் (க்யூபிட்களுக்குள் ஒன்றையொன்று பாதிப்பது) இல்லை. காஸ்மிக் கதிர், மீக்கடத்தியில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணைகளான கூப்பர் ஜோடிகளை உடைத்த கதை. (ஊட்டியின் காஸ்மிக் கதிர் ஆய்வகமான கிரேப்ஸ்-3-ல் மியூவான்களை (காஸ்மிக் கதிரால் உருவாகும் துகள்களை) எண்ணுகிறார்கள் என்று இங்கே யாரும் பயப்பட வேண்டாம், சிப் இருப்பது வேறெங்கோ!)

கோத்தகிரி மாணவி:
நேரம் தள்ளிப் போட்டுப் பார்க்கிறேன். மெய்நிகர் இசட் சுழற்சியாலேயே (பல்ஸ் இல்லாமல் மென்பொருளில் கட்டத்தை மாற்றுவது) சரிசெய்ய முடியாதா?

குன்னூர் மைக்ரோவேவ்:
பாதிதான். ஃபிரேமை (கட்டத்தை அளக்கும் குறிப்பு அதிர்வெண்ணை) 212, 148-ன் சராசரியான 180 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்த்தினால் சராசரி தீரும். ஆ-வின் நிலையைப் பொறுத்த ±32 அப்படியே நிற்கும். அதற்கு எக்கோதான் (நேரம் தள்ளிப் போடும் அந்த டிகப்ளிங்தான்) வழி.