மறு: பொட்டில்நெக்குக்குத் தமிழ் – ‘ஒடுங்கிடம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கணினியில் ஒரு பகுதி முழு வேகத்தில் ஓடியும் மற்றவற்றைக் காத்திருக்கவைத்தால் அதைப் பொட்டில்நெக் என்கிறோம். அதற்கு அகராதியில் சேர்க்க ஒரு தமிழ்ச்சொல் தேடும் இழை இது, நான் முன்வைத்தது ‘ஒடுங்கிடம்’. அதற்கு ஒருவர் கேட்டிருந்தது:

> ‘தடை’ என்றோ ‘இடையூறு’ என்றோ எழுதினால் போதாதா, புதுச்சொல் எதற்கு?

அண்ணா, முதலில் இதற்கே பதில் எழுதுகிறேன். இந்த இழையில் ‘தடை’க்குத்தான் ஆதரவு கூட, எனக்கோ அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மின்னியலில் தடை என்றால் ரெசிஸ்டன்ஸ். கணினிப் பாகங்களைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து முட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தடை என்று சொன்னதும் கேட்கிறவர் அந்தப் பாகம் பழுது என்று நினைத்துவிடுகிறார். உண்மையில் அதில் ஒரு பழுதும் இருக்காது, தன்னால் முடிந்த முழு வேகத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், மற்றவை அதற்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

கணினி திருத்துகிற மேசையில் இருப்பவன் என்பதால் இந்தச் சொல்லின் தேவை எனக்கு நன்றாகத் தெரியும். அண்மையில் திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தம்பி தன் கேமிங் கணினியைக் கொண்டுவந்தான். ஐ5-4460 செயலி, எச்81 மதர்போர்ட், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்ட். கையில் 40,000 ரூபாய். “எந்தப் பாகம் அண்ணா பழுது?” என்றுதான் கேட்டான். ஒன்றும் பழுதில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையின் மூலையில் ஓடவிட்டு அவன் விளையாடுகிற கேமைத் திறந்தோம். கார்ட் 99 சதவீதத்தில் அசையாமல் நின்றது, செயலி 60ஐ ஒட்டி ஏறி இறங்கியது. பிறகு கார்டின் வேலை குறையும்படி திரை அளவை 1080இல் இருந்து 720க்குக் குறைத்தோம், பிரேம்கள் (நொடிக்கு வரும் படங்கள்) உடனே கூடின. அப்படியென்றால் பொட்டில்நெக் கார்ட்தான். குறைத்தும் கூடாமல் இருந்திருந்தால் செயலியைப் பார்த்திருக்க வேண்டும்.

அவன் வாங்க நினைத்திருந்தது ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், பவர் சப்ளையில் இருந்து தனி வயர் வேண்டாம், கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார்டுக்குப் போர்டோடு தரவு பரிமாற நான்கு வழித்தடங்கள் மட்டுமே. பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டைப் போர்டோடு இணைக்கும் முறை) 4.0 உள்ள புதிய போர்டில் அந்த நான்கிலேயே நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போகும். எச்81 போர்ட் 2.0ஓடு நின்றுவிட்டது, அங்கே அதே நான்கு தடத்தில் 2 ஜிபிதான். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி, ரேமில் இருந்து தரவை இழுக்க வேண்டி வந்ததும் காட்சி திக்கித் திக்கிப் போகும். இங்கே கார்டும் செயலியும் சும்மா இருக்க, நடுவில் உள்ள வழிதான் ஒடுங்கல். இதை எந்தக் கடையிலும் அவனுக்குச் சொல்லவில்லை. ஜிடிஎக்ஸ் 1650 என்றால் 75 வாட், தனி வயர் இல்லாத வகையும் உண்டு, பதினாறு தடங்கள், பழைய 2.0 போர்டிலும் 8 ஜிபி கிடைத்துவிடும். பாவித்த 1650 ஒன்றையே எடுத்தான்.

போட்டுப் பார்த்தோம். பிரேம்கள் நன்றாகக் கூடின, ஆனால் கூட்டம் அதிகமான காட்சிகளில் கார்ட் 70க்குக் கீழே இறங்க, செயலியின் நான்கு கோர்களும் 100ஐத் தொட்டன. பொட்டில்நெக் இடம் மாறிவிட்டது. அதே 1150 சொக்கெட்டில் (செயலி அமரும் இடம்) எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைச்சரம், ஓடும் ஐ7-4770 செயலி பொருந்தும், அதற்குக் காசு சேர்க்கிறான். மிச்சம் இருந்த பணத்தில், வெறுமையாக இருந்த இரண்டாவது ரேம் இடத்துக்கு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொடுத்தேன், இரட்டைத் தடத்தில் ஓடுவதால் அதுவும் செயலிக்குக் கொஞ்சம் உதவும்.

இந்த இடம்மாறலைத்தான் சொல் தாங்க வேண்டும் என்கிறேன். அக்கா முன்வைத்த ‘போத்தல்கழுத்து’ கேட்டதும் விளங்குகிறது, மறுக்கவில்லை, ஆனால் போத்தலின் கழுத்து எப்போதும் மேலேதான் இருக்கும், நகராது. எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க நான் கிண்ணியாவைச் சொல்வேன். பாலம் வருமுன் திருகோணமலையில் இருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போகிறவர்கள் கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும் (மற்ற ஊர் நண்பர்களுக்கு: வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்). 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அந்தத் துறையில் காத்திருப்பு முடிந்தது. ஆனால் மூதூருக்குப் போகிறவர் அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை உப்பாறு, கங்கை, இறால்குழி என்ற மற்றத் துறைகளில் தொலைத்தார், அந்த இடங்களுக்குப் பாலங்கள் பிறகுதான் வந்தன.

அதனால்தான் ‘இடம்’ என்று முடிகிற சொல்லைத் தேடினேன். ஒடுங்கின ஒழுங்கை, ஒடுங்கின வாசல் என்று நாங்கள் தினமும் கதைக்கிறோம், அதில் இருந்து ‘ஒடுங்கிடம்’. தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் ‘ஒடுங்கிய’ என்பது அந்நியமில்லை என்று நம்புகிறேன். ‘ஒடுக்கம்’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். உங்கள் வேதியியல் பாடநூல்களில் ஒடுக்கம் வேறொன்று (நாங்கள் தாழ்த்தல் என்று படித்தது), போதாததற்கு ஒடுக்குமுறையின் நிழலும் விழுகிறது. இன்னொரு யோசனையான ‘மட்டுறுப்பு’ எனக்கு ஓசையில் பிடித்திருந்தது, மட்டுப்படுத்தும் உறுப்பு என்று பொருளும் நேராக வருகிறது, ஆனால் இணையத்தில் மட்டுறுத்துநர் (மொடரேட்டர்) என்று ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாரே, குழம்பும். தவிர, ஆர்எக்ஸ் 6400 கதையில் ஒடுங்கியது உறுப்பில்லை, வழி.

வினைக்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘இந்தச் செயலி அந்தக் கார்டை பொட்டில்நெக் பண்ணும்’ என்று கதைப்பதை, ‘இந்தச் செயலி அந்தக் கார்டுக்கு ஒடுங்கிடம் ஆகும்’ என்றால் சரி. அகராதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

ஒடுங்கிடம்: ஒரு வேலை நடக்கும்போது முழு அளவில் இயங்கியும் மற்றப் பகுதிகளைக் காத்திருக்கவைக்கும் பகுதி அல்லது வழி. வேலை மாறினால், அல்லது அந்தப் பகுதியை விரிவாக்கினால், ஒடுங்கிடமும் மாறும். எ-டு: 720க்குக் குறைத்தும் பிரேம் கூடவில்லை, எனவே ஒடுங்கிடம் செயலிதான்.

‘முழு அளவில் இயங்கியும்’ என்ற பகுதியை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் கையில்.