குப்பைமேட்டடிக் கிணற்றுக்குள் இறங்கமுன்

கிளிநொச்சியிலிருந்து:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு குப்பைமேட்டைச் சுற்றி நிலத்தடி நீரையும் மண்ணுக்குள் இருக்கும் வாயுவையும் பார்க்கும் வேலைக்கு இரண்டு மாரியும் ஒரு கோடையும் போய்வந்தேன். முன்பு கிறவல் கிண்டிய கிடங்கு அது. அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு ஒன்றும் இல்லை, அப்படியே குப்பையைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மாரியில் நீர்மட்டம் ஏறினால் குப்பையின் அடிப்பாகம் தண்ணீருக்குள் நிற்கும்.

மேட்டிலிருந்து நூறு மீற்றர் தள்ளி ஒரு காணி. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம், பாழடைந்த கட்டுக்கிணற்றை இறைத்துச் சேறு அள்ள ஒரு ஐயாவைக் கூட்டி வந்திருந்தது. நாங்கள் நீர்மட்டம் அளக்கப் போனபோது அவர் காய்ந்த பாளையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொளுத்தி இறக்கிப் பாக்கப் போறன் பிள்ளை. எரிஞ்சா இறங்கலாம், அணைஞ்சா இறங்கப்படாது."

எங்கள் ஊர்களில் வழிவழியாக வந்த வழக்கம். நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் அந்த நெருப்பே ஆளைக் கொன்றுவிடும். காற்றுப் படாமல் குப்பை உக்கும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீதேன், மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. காற்றில் மீதேன் 5 முதல் 15 வீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். காபனீரொட்சைட்டு கனமானது, கிணற்றடியில் தேங்கி மூச்சை அடைக்கும்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி வாயுமானியின் குழாயை இறக்கினோம். கிணற்றின் வாயருகே ஒட்சிசன் 20.9 வீதம். அடியில் 14. காபனீரொட்சைட்டு 8, மீதேன் 3. வெடிக்கும் அளவுக்கு இரண்டு வீதம்தான் குறை. ஐயா பாளையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். "நாப்பது வருசமா இறங்கிறன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு நாளைக்கு முன் அதே கிணற்றில் மீதேன் பூச்சியம் என்று நானே எழுதியிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. இடையில் தாழமுக்கம் வந்து மழை கொட்டியது. மேல்மண் நனைந்து அடைபட்டால் வாயு மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கிணறு, வீட்டு அத்திவாரம் என்று தேடிப் போகும். காற்றமுக்கம் சடுதியாக இறங்கினாலும் மண்ணுக்குள் இருப்பது வெளியே வரும். இங்கிலாந்தின் லொஸ்கோவில் 1986 மார்ச் 24 அன்று குப்பைக் கிடங்குக்குப் பக்கத்து வீடொன்று வெடித்தது இப்படித்தான். அதற்கு முன் ஏழு மணித்தியாலத்தில் அமுக்கம் 29 மில்லிபார் விழுந்திருந்தது. வெயில் நாளில் ஒருமுறை அளந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதாதீர்கள். அமுக்கத்தையும் பக்கத்தில் குறியுங்கள், மழைக்குப் பிறகும் போங்கள்.

இதே வேலை செய்யும் ஒருவர், புதுக்குடியிருப்பிலிருந்து:
எங்கள் பக்கம் தண்ணீரில்தான் சிக்கல். கீழ்க்காணிக் கிணற்றில் குளோரைட்டு கூட என்று கண்டதும் குப்பைதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டியது. மேற்பக்கக் கிணற்றிலும், அதாவது நிலத்தடி நீர் குப்பைக்கு வந்துசேர முன் இருக்கும் கிணற்றிலும், அளந்தோம், அங்கேயும் கிட்டத்தட்ட அதேயளவு. கரையை அண்டிய நிலம், உவர் முன்பே இருக்கிறது. குப்பையின் கசிவைக் காட்டித் தந்தது, குப்பை உக்கும்போது வரும் அமோனியம். மேற்கிணற்றில் இல்லவே இல்லை, கீழ்க்கிணற்றில் இருந்தது. மேற்பக்கத்தில் ஒப்பிட ஒரு கிணறு இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொன்று, குளம் நிரம்பி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் நிலத்தடி நீரோட்டத்தின் திசையே மாறலாம். ஆவணியில் "மேற்பக்கம்" என்று நினைத்த கிணறு தையில் அப்படி இருக்கவில்லை. குறைந்தது மூன்று கிணற்றின் நீர்மட்டத்தை ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும்.

மாங்குளத்திலிருந்து:
வாயு பார்க்க இரும்புக் குழாய் அடிக்கமுன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியூரிலிருந்து வரும் குழுக்களுக்கு இது தோன்றுவதே இல்லை. ஒருமுறை நான் மறித்துத்தான் நிறுத்தினேன்.

அக்கா, அந்தக் கிணற்றை மூடிவிட்டார்களா?

கிளிநொச்சியிலிருந்து:
கொங்கிறீற்று மூடி போடத்தான் கேட்டார்கள், வேண்டாமென்று சொன்னோம். இறுக்கி மூடினால் வாயு உள்ளே சேரும், பிறகு திறக்கிறவருக்குத்தான் ஆபத்து. பிள்ளைகள் விழாமல் கம்பிவலை அடித்திருக்கிறது. குடிக்கப் பவுசர் தண்ணீர் வருகிறது, கிழமைக்கு இரண்டு தடவை. அந்தத் தாய்க்கு அது காணாது. ஐயா இப்போது மேட்டுப் பக்கம் வேலை வந்தால் முதலில் எனக்கு அழைப்பெடுக்கிறார்.