புதுப்பிப்பு: கனடாக் கம்பனிக்குக் கிளிநொச்சியில் கிளை (முடிந்தது)

மச்சானின் கனடாக் கம்பனி ஏ9 வீதியோரம் காணி வாங்கி, கணக்கு எழுதும் கிளை அலுவலகம் திறக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிளை சரிவரவில்லை. வெளிநாட்டுக் கம்பனியாகப் பதிந்து இங்கே வியாபாரம் செய்வதென்றால் 2 இலட்சம் அமெரிக்க டொலர் கொண்டுவர வேண்டும். "கிளையை விடுங்கோ, இங்கேயே தனியார் கம்பனி ஒன்று பதியுங்கோ, பங்கு கனடாக் கம்பனியின் பெயரில் இருக்கட்டும்" என்று இங்கே பதில் எழுதிய முல்லைத்தீவு அண்ணா சொன்னதுதான் வேலை செய்தது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒன்லைனிலேயே பதிந்தோம். கொழும்புக்கு பஸ் ஏறவில்லை. செயலாளர் ஒருவர் கட்டாயம்.

இடறியது காசில்தான். மச்சான் அவசரப்பட்டு என் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். பங்குக் காசு உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டார் முதலீட்டுக் காசு கொண்டுவர இங்குள்ள வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாக வந்தால்தான் நாளைக்கு இலாபத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று வங்கியில் சொன்னார்கள். திரும்ப அனுப்பி, கனடாக் கம்பனி பெயரில் கணக்குத் திறந்து, மறுபடி எடுத்தோம். மூன்று கிழமை போச்சு.

காணி? வெளிநாட்டாருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, எங்களைப்போல இங்கே பதிந்த தனியார் கம்பனியிலும் 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கிருந்தால் வாங்க ஏலாது. குத்தகைக்குத் தடையில்லை. இப்போது கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு மேல்மாடியில் இருக்கிறோம்.