கல்யாண வேலை முடிந்து ராத்திரி ஆட்களைக் கூட்டி வருவது எப்படி? சமையல் காண்டிராக்ட் எடுப்பவர்கள் சொல்லுங்கள்

பாளை சமையல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பத்து வருஷமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். மாஸ்டர், காய் நறுக்குகிறவர்கள், பரிமாறுகிற பையன்கள், பாத்திரம் கழுவுகிற அக்காமார் எல்லாம் சேர்த்து 18 பேர். முகூர்த்தம் கூடினால் 22 பேர்கூட ஆகும். இத்தனை நாளும் ஒரே குட்டியானை லோடு வண்டியில்தான் அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றி அதற்கு மேலேயே ஆட்களையும் உட்கார வைத்துக் கொண்டுபோனோம், மிச்சப் பேர் பைக்கில் வருவார்கள்.

போன வாரம் வள்ளியூர்ப் பக்கம் 600 இலை. ரிசப்ஷன் முடிந்து பாத்திரம் கழுவி ஏற்றிக் கிளம்பும்போது மணி ஒன்றேகால். நாங்குநேரிக்குப் பக்கத்தில் மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தார், காலி சிலிண்டர் உருண்டு வந்து ஓர் அக்காவின் கணுக்காலை நசுக்கிவிட்டது. எலும்பு விட்டிருக்கிறது. செலவு நான்தான் பார்க்கிறேன், அது வேறு விஷயம். ஆனால் அவர் மகன் போனில் ஒன்று கேட்டான்: "வண்டி கவிழ்ந்திருந்தா என்ன அண்ணாச்சி பண்ணியிருப்பீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

வேனுக்குத் தனியாக 4,500 கேட்கிறார்கள். இதைச் சமாளிப்பது எப்படி? சட்டப்படி என் பொறுப்பு எதுவரை? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

காவல்கிணறு டிரைவர்:

அண்ணாச்சி, முதலில் அந்த டிரைவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேளுங்கள். நான் 19 வருஷம் வேன் ஓட்டியவன். உங்கள் தொழிலில் காலையில் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிய அதே ஆள்தான் ராத்திரி ஒரு மணிக்கும் ஸ்டியரிங் பிடிப்பார், நடுவில் இலை எடுக்கவும் நிற்பார். ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், யார் பார்த்தது! ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நேரம். டீ குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், அது வேலை செய்யவே இருபது நிமிஷம் ஆகும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நான்குவழிச்சாலையில் மாட்டைவிட மோசம், ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கிற லாரி. கிட்டே போகிற வரைக்கும் தெரியாது. ஆவணியில் பணகுடிப் பக்கம் வேலை எடுத்தீர்கள் என்றால் காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உயரமாகப் பாத்திரம் அடுக்கித் தார்ப்பாய் கட்டிய சின்ன வண்டி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதன் மேல் ஆள் வேறு உட்கார்ந்திருந்தால் நினைக்கவே பயம். பைக்கில் வருகிற பையன்களையும் விடாதீர்கள், பின்னால் உட்கார்கிறவனுக்கும் ஹெல்மெட் வேண்டும்.

டவுன் கேட்டரிங்:

இதெல்லாம் பார்த்தால் தொழில் பண்ணவே முடியாது தம்பி. 600 இலையில் மிஞ்சுவதே கொஞ்சம், அதில் வேனுக்கு 4,500 போனால் நமக்கு என்ன இருக்கும்? நாங்களும் முப்பது வருஷமாக லோடு வண்டியில்தான் போகிறோம், ஒன்றும் ஆகவில்லை. நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள், போதும்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட், அம்பை:

டவுன் அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, ஒன்றும் ஆகாத வரைக்கும் எல்லாமே சரிதான். கேட்டவருக்குச் சொல்கிறேன். சரக்கு வண்டி பாலிசி, வண்டியில் ஏறிய எல்லாரையும் காப்பாற்றாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேலையாள் என்றால் கொஞ்சம் வழி உண்டு, அதுவும் ஆர்.சி. புக்கில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ அந்தக் கணக்குக்குள்தான் கம்பெனி நிற்கும். குட்டியானையில் அது டிரைவரும் பக்கத்தில் ஒருவரும். மீதிப் பேருக்கு உங்கள் கையிலிருந்துதான்.

எவ்வளவு என்றால், வேலையின்போது ஒருவர் இறந்துபோனால் மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 40 வயது ஆளுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 சம்பளம் என்று வைத்தால் 11,05,020 ரூபாய். ஒரு ஆளுக்கு. நீங்கள் ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போவதும் வருவதும் வேலையோடு சேர்ந்ததுதான், "வேலை முடிந்துவிட்டது, அப்புறம் நடந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் வண்டி பாலிசி தனி, தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனி, இரண்டாவதையும் எடுங்கள், தினக்கூலி ஆட்கள் பெயரையும் சேர்த்து. வேன் பேசும்போது மஞ்சள் போர்டு பாருங்கள். மலிவாக வருகிறதென்று வெள்ளை போர்டு வண்டி பேசினால் பழைய கதைதான்.

சேரன்மாதேவி அக்கா:

நான் பாத்திரம் கழுவப் போகிறவள், இப்போது இரண்டு வருஷமாகப் பரிமாறவும் செய்கிறேன். நீங்கள் எல்லாரும் ரோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியில் எங்கள் இடம் எது தெரியுமா, அண்டா மூடிக்கு மேல். ஈரச் சேலையோடு ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தூங்கி விழுகிற பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு வருவோம். சிலிண்டரை நிற்க வைத்துக் கட்டினால் உருளாது, ஆனால் படுக்கப் போட்டால்தானே மேலே பாத்திரம் அடுக்க முடியும், அதனால் படுக்கப் போடுகிறார்கள்.

சமையல் இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி கொதித்துக்கொண்டிருக்கும், அதே வழியில் வாளித் தண்ணீர் சிந்திக் கிடக்கும், அதில் ரசம் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். போன தை மாதம் ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. ஒருவர் பேஸ்ட் கொண்டுவா என்றார், இன்னொருவர் ஐஸ் என்றார். மண்டபத்து மேனேஜர் அம்மாதான் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் இருபது நிமிஷம் தண்ணீரில் காலைக் காட்டச் சொன்னார், பிறகு 108ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அடுப்புப் பக்கம் நைலான் சேலை கட்டாதே என்று எங்கள் மாஸ்டர் திட்டுவார், அந்தத் திட்டு நல்லது. கேஸ் டியூப் வெடித்து நூல் தெரிகிறது என்று சொன்னால் மட்டும் "இந்த ஒரு வேலை முடியட்டும்" என்பார்.

வேனுக்குப் பணமில்லை என்றால் ராத்திரியே கிளம்பாதீர்கள். மண்டபத்தில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு ரூம், விளக்கு, பாத்ரூம் கொடுத்தால் படுத்துவிட்டு விடிந்ததும் பஸ்ஸில் வந்துவிடுவோம், பஸ் காசு நீங்கள் கொடுங்கள். ஸ்டோர் ரூமில் மூட்டைக்கு நடுவில் படுக்கச் சொன்னால் வர மாட்டோம்.

பாளை சமையல்காரன்:

அக்கா, மூடி மேல் உட்காருவதைப் பத்து வருஷமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிரைவரிடம் கேட்டேன், அன்றைக்குக் காலை மூன்றரைக்கு எழுந்தாராம். ஆவணியில் மூன்று வேலை பிடித்திருக்கிறேன், மூன்றுக்கும் ரேட்டில் ஆள் போக்குவரத்து என்று தனி வரி போட்டு அனுப்பினேன். ஒரு வீட்டில் சம்மதித்தார்கள், ஒரு வீட்டில் மண்டபத்தில் ரூம் தருகிறோம் என்றார்கள், மூன்றாவது வீட்டுக்காரர் இன்னும் போன் எடுக்கவில்லை. டியூப் நான்கையும் இன்றைக்கு மாற்றிவிட்டேன். குட்டியானையில் சிலிண்டரை நிற்க வைத்துக் கட்ட இரும்புக் கம்பி அடிக்க வேண்டும், மேலப்பாளையத்தில் நல்ல வெல்டர் யாராவது தெரிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.