வெள்ளத்தில் நின்ற காரும் விடாத இருமலும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பள்ளிக்கரணைக்காரன்:

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்துபோன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. எங்கள் கார் மிதக்கவில்லை. அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் நின்ற இடத்திலேயே சீட் மட்டம் வரை முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்து, இழுவை வண்டி கிடைத்து, ஒர்க்‌ஷாப்பில் நம் முறை வந்து கதவைத் திறப்பதற்குள் ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிட்டது.

இன்சூரன்ஸ் பணம் வந்தது. என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்டார்ட்டர், வயரிங் என்று நீளமான பில். உள்பக்கத்துக்கு மட்டும் ‘இன்டீரியர் கிளீனிங்’ என்று ஒரே ஒரு வரி. வண்டி கைக்கு வந்தபோது ஷாம்பு வாசம் தூக்கியது. அது அடங்கியதும் ஈரச்சாக்கு வாடை தலைகாட்டியது. “வெயில் காலம் வந்தா தானா போயிடும் சார்” என்றார்கள். ஏப்ரலில் வாடை போகத்தான் செய்தது. பெரிய மகளின் இருமல் போகவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. ஆனாலும் இன்ஹேலரைத் தொடாமலே நெடுநாள் ஓடியிருந்தது. இப்போது பள்ளிக்குக் காரில் போனால் மூக்கடைப்பு, கண் அரிப்பு, துரைப்பாக்கம் வருவதற்குள் இருமல். ஆட்டோவில் போனால் ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் பாட்டி வீட்டிலும் ஒன்றுமில்லை. இதைக் கோத்துப் பார்த்துச் சொன்னவள் என் மனைவி. டாக்டரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை.

தெரிந்த தம்பி ஒருவரை வைத்து முன் சீட் இரண்டையும் கழற்றினோம். புது வண்டி எடுக்கும்போதே ஷோரூமில் ஒட்டித் தருவார்களே, ஃப்ளோர் லேமினேஷன், அதை உரித்தோம். கீழே கார்பெட் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அதையும் தூக்கினோம். அடியில் சத்தத்தை அடக்குவதற்காகப் போடும் தடிமனான ஃபெல்ட் இருக்கிறது. அதன் ஓரமெல்லாம் மாவு உதிர்வது போல் சாம்பலும் பச்சையுமாக உதிர்ந்தது. சீட் ரெயிலுக்கு அடியில் இருந்த பகுதி மே மாத வெயிலிலும் பிசுபிசுவென்று ஈரம். மேலே லேமினேஷன், கீழே இரும்புத் தரை. ஈரம் எந்த வழியாகப் போகும்? வெயிலில் ஓரம் காய்ந்ததால்தான் வாடை குறைந்திருக்கிறது. காய்ந்த பூசணம் தூளாகி ஏசி காற்றில் சுற்றியிருக்கிறது. வாடை போனதை வைத்து வண்டி சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் வண்டிகளில் என்ன பார்த்தீர்கள்?

கூலிங்காயில்:

சார், அம்பத்தூர்ல கார் ஏசி வேலை பாக்குறேன். 2015 டிசம்பர் 1-ந் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சே, அடையாறு பொங்கி முடிச்சூர், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை எல்லாம் முழுகுச்சே, அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்தக் கார்கள்தான் எனக்குச் சோறு போட்டுச்சு. அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

நீங்க கார்பெட்டைப் பாத்துட்டீங்க. ஏசி பெட்டியைப் பாத்தீங்களா? நிறைய வண்டியில பிளோயர், அதான் காத்தைத் தள்ளுற ஃபேன், கிளவ் பாக்ஸுக்குக் கீழதான் உக்காந்திருக்கும். தண்ணி சீட்டைத் தொட்டிருந்தா பிளோயருக்குள்ளயும் போயிருக்கும். பக்கத்துலயே கூலிங் காயில். அது சாதாரண நாள்லயே எப்பவும் ஈரம், எப்பவும் இருட்டு. அதோட தகட்டு இடுக்குல சாக்கடை கலந்த வண்டல் போய் உக்காந்தா பூசணத்துக்குக் கல்யாணச் சாப்பாடுதான். நீங்க ஏசியைப் போட்டதும் அங்கிருந்து நேரா மூஞ்சிக்கு வருது.

எல்லாரும் வந்து “கேபின் ஃபில்டர் மாத்திட்டேன், இன்னும் வாடை வருது”ன்னு சொல்லுவாங்க. ஃபில்டர் பெரும்பாலான வண்டியில காயிலுக்கு முன்னாடி இருக்கு சார். வெளிக்காத்துத் தூசியைத்தான் அது பிடிக்கும். காயில்ல முளைச்சதை அது எப்படித் தடுக்கும்?

அடுத்தது ஸ்பிரே. வெண்ட் வழியா நுரை அடிச்சுட்டு ஏசி கிளீனிங்னு காசு வாங்குறாங்க. வெள்ளம் பாக்காத வண்டிக்கு அது ஓரளவுக்குச் சரி. முழுகின வண்டிக்கு டாஷ்போர்டை இறக்கணும், பெட்டியைப் பிரிக்கணும், காயிலை வெளிய எடுத்துக் கழுவணும், ரொம்ப மோசம்னா மாத்தணும். நாள் முழுக்க வேலை. அதனாலதான் ஒருத்தரும் செய்யமாட்டாங்க. கழுவுறப்ப விழுற தண்ணி டீ கலர்ல இருக்கும். ஓனரைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் காட்டுவேன், அப்பத்தான் பில்லுல பேரம் பேச மாட்டாங்க.

முத்துநகர் டிரைவர்:

அண்ணாச்சி, 2023-ல உங்களுக்கு டிசம்பர் முதல் வாரம்னா எங்களுக்கு 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுது. தூத்துக்குடி டவுன்ல எங்க ஓனரோட டாக்ஸி கண்ணாடி வரைக்கும் தண்ணிக்குள்ள நின்னுச்சு.

வண்டியை ஓட்டிப் பாத்தாரு, ஓடுச்சு. போதும்னுட்டாரு. உள்ள இருக்கது நான்தான, விடியக்காலம் ஏர்போர்ட் சவாரியில ஏறினா ராத்திரி வரைக்கும். சாம்பிராணி போட்டுப் பாத்தேன், டேஷ்போர்டுல காப்பித்தூள் வெச்சேன், எலுமிச்சம்பழம் வெச்சேன், கற்பூரம் வெச்சேன். சவாரிக்கு வாறவங்க “அண்ணே ஏசி வேண்டாம், கண்ணாடியை எறக்குங்க”ன்னாங்க. ஒரு அம்மா ஏறி உக்காந்து அஞ்சு நிமிசத்துல எறங்கிட்டாங்க. எனக்கு முதல்ல தும்மல், அப்புறம் ராத்திரி படுத்தா நெஞ்சுல விசில். சிகரெட், பீடி கிட்டயே போனதில்ல நான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் ஊதச் சொல்லிப் பாத்துட்டு என்ன வேலைன்னு கேட்டாரு. டிரைவர்னதும் புகை, தூசின்னு எழுதுனாரு. வண்டி வெள்ளத்துல நின்ன கதையை நானாத்தான் சொன்னேன். அத நீங்களும் மறக்காம சொல்லுங்க, அவங்களா கேக்கமாட்டாங்க.

ஓனர் செலவு பண்ண மாட்டேன்னுட்டாரு. நானும் என் மச்சானுமா ஒரு ஞாயித்துக்கிழமை கார்பெட்டை மொத்தமா பிச்சுக் குப்பையில போட்டுட்டு, தரையைச் சோப்புத்தண்ணி விட்டுத் தேச்சு, காயவெச்சு, ரப்பர் மேட் மட்டும் போட்டோம். ரோட்டுச் சத்தம் உள்ள கூடுதலா கேக்கும், கேட்டுட்டுப் போகுது. இப்ப வேற ஓனர்கிட்ட ஓட்டுதேன்.

மதுரை நெஞ்சக மருத்துவர்:

மேலே சொன்னவற்றில் மருத்துவப் பக்கம் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

ஈரமான துணி, பஞ்சு, அட்டையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கும். பொதுவாகக் காண்பவை அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் வகைகள். அஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸின் வித்துக்கள் 2 முதல் 3 மைக்ரான் அளவே இருப்பதால் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். கார் என்பது மிகச் சிறிய அறை. அதில் காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பெரும்பாலானோருக்கு வருவது ஒவ்வாமைதான்: தும்மல், மூக்கடைப்பு, கண் எரிச்சல், வறட்டு இருமல். வண்டியை விட்டு இறங்கினால் குறையும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கிளறிவிடப்படும். அவர்களில் சிலருக்கு அஸ்பர்ஜில்லஸால் நுரையீரல் ஒவ்வாமை நோய் வரும். மாத்திரைக்கு அடங்காத இழுப்பு, பழுப்பு நிறக் கட்டிச்சளி இருந்தால் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ (IgE) ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அரிதாக இன்னொன்று உண்டு: வண்டியில் போய்வந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வந்து மறுநாள் சரியாகி, அடுத்த முறை போகும்போது திரும்ப வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று இதை விட்டுவிடுவார்கள். அதே வண்டியில் தொடர்ந்து போய்வந்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அத்தகைய வண்டியில் ஏறவே வேண்டாம். அவர்களுக்கு ஒவ்வாமையோடு நிற்காது, தொற்றாகவே மாறலாம்.

2021-ல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சைதானா இது என்று என்னிடம் பலர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்கள். அது மியூக்கர்மைகோசிஸ். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தபோது அது பிடித்துக்கொண்டது. சீட்டில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அதுவாகிவிடாது. நிறத்தை வைத்து எந்தப் பூஞ்சை என்று சொல்லவும் முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டும்.

அகற்ற வேண்டும் என்கிறேன், கொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தரும். பிளீச்சிங் தெளித்துவிட்டு அப்படியே விட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதைவிட முக்கியம், பிளீச்சிங் கரைசலோடு வினிகரைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். கதவை மூடிய காருக்குள் அதைச் செய்தால் என் வார்டுக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

கொங்கு சக்கரம்:

கோயமுத்தூருங்க. பழைய கார் வாங்கி விக்கற கன்சல்டிங் தொழில்ல இருந்து ஒதுங்கிட்டேன், அதனால சொல்றதுல தயக்கமில்லீங்க.

ரிப்பேர் செலவு ஐடிவி-யில, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்புல, 75 சதவீதத்தைத் தாண்டினா இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு கணக்கு முடிச்சுருவாங்க. அந்த வண்டி நேரா உடைக்கப் போயிரும்னு நீங்க நினைக்கிறீங்க. ஏலத்துல எடுத்து, தேத்தி, வேற மாவட்டத்துல, வேற மாநிலத்துல விக்கிறவங்க உண்டுங்க. 2018 ஆகஸ்ட்ல கேரளா வெள்ளத்துக்கப்புறம் வாளையார் தாண்டி விலை கம்மியா வண்டிக வந்தப்ப, நான் பேப்பரைப் பார்க்கறதுக்கு முன்னாடி மூக்கைத்தான் நம்புனேன். ஆர்.சி. புக்குல வெள்ளத்தைப் பத்தி ஒரு வரியும் இருக்காதுங்க.

பழைய வண்டியில புத்தம் புது லேமினேஷனும் புது ரெக்சின் சீட் கவரும் இருந்தா ஏன்னு கேளுங்க. சென்ட் வாசம் மூக்கைத் துளைச்சுதுன்னா கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டுட்டு வண்டியை வெயில்ல நிறுத்தச் சொல்லுங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்து கதவைத் தொறந்த உடனே மோந்து பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெளிய தெரியற ரெண்டடியைத்தான் எல்லாரும் கழுவுவாங்க, சுருண்டு உள்ள இருக்கற பக்கம் சேத்துக்கோடு நிக்கும். சீட்டுக்கடியில போல்ட்டுல துரு, டிக்கியில ஸ்டெப்னி குழியில மணல், ஃபியூஸ் பாக்ஸ் மூலையில வண்டல். ஓரத்துல கார்பெட்டைத் தூக்கிக் காட்ட மாட்டேன்னு சொன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

புங்கமரத்தடி:

வெள்ளமே வராத திருச்சியில் எனக்கு இதே கதை. வண்டி தினமும் புங்க மரத்தடியில் நிற்கும். வைப்பருக்குக் கீழே இருக்கும் தண்ணீர்ப் பாதையில் சருகு அடைத்து, மழைநீர் முன்பக்கக் காலடிக்குள் இறங்கியிருக்கிறது. இடதுபக்கம் மட்டும் ஈரமானால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். சன்ரூஃப் உள்ளவர்கள் அதன் வடிகுழாயையும் பாருங்கள்.

பள்ளிக்கரணைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கூலிங்காயில் அண்ணன் சொன்ன மாதிரியே டாஷ்போர்டை இறக்கினோம். டீ கலர் என்று அவர் சொன்னது மரியாதைக்கு. எங்கள் காயிலில் வந்தது கூவம்.

செய்ததைச் சொல்கிறேன். கார்பெட், ஃபெல்ட் இரண்டையும் கழுவப் பார்க்காமல் புதிதாக வாங்கினோம். முன் சீட், பின் சீட் பஞ்சையும் மாற்றினோம். தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டு, சோப்பு போட்டுத் தேய்த்து, ஃபேன் வைத்துக் காயவிட்டோம். வேலை செய்த தம்பிக்கும் எனக்கும் என்95 மாஸ்க், கையுறை. சீட்டுக்கடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் வயர், பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னது எனக்குப் புதுத் தகவல். லேமினேஷனைத் திரும்பப் போடவில்லை. ஏசியை நிறுத்திவிட்டுக் கடைசி சில நிமிடம் வெறும் பிளோயரை ஓட விடுகிறோம், காயில் காய்வதற்காக. மகளுக்கு இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. இன்ஹேலரை டாக்டர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்தச் செலவு முழுக்க என் கைக்காசு. அடுத்த மழையில் சிக்குபவர்கள் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதே கார்பெட்டைத் தூக்கிக் காட்டி, ஃபெல்ட், சீட் பஞ்சு, ஏசி பெட்டி எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுத வையுங்கள். க்ளெய்ம் முடிந்த பிறகு யாரும் திரும்ப வந்து பார்ப்பதில்லை.

டாக்டர் அம்மா, ஒரு கார் டீடெய்லிங் கடையில் ஓசோன் மெஷின் வைத்தால் போதும், எதையும் பிரிக்கவே வேண்டாம் என்கிறார்கள். சரியா?

மதுரை நெஞ்சக மருத்துவர்:

வாடையைக் குறைக்கும். ஃபெல்ட்டில் ஊறிக் கிடப்பதை அகற்றாது. ஓசோனே மூச்சுக்குழலை எரிக்கும் வாயு. அப்படியும் செய்தால் நன்றாகக் காற்றாட விட்ட பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும்.

வேளச்சேரி அம்மா:

எங்கள் வண்டியும் அதே மழையில் மாட்டியது. பாப்பாவின் கார் சீட்டும் உள்ளே இருந்தது. விலை அதிகம், தூக்கிப் போட மனசு வரவில்லை. துணியை மட்டும் கழற்றித் துவைத்துப் பயன்படுத்தலாமா?

கூலிங்காயில்:

போட்டுருங்கம்மா. துணி துவைச்சா வெளுக்கும், உள்ள இருக்கிற தெர்மாகோல் இடுக்குல போனது வராது. பெல்ட் பூட்டுக்குள்ள மணல் இருந்தா அவசரத்துக்குப் பூட்டவும் செய்யாது. யாருக்கும் இனாமாவும் குடுத்துராதீங்க, பெல்ட்டை வெட்டிட்டுப் போடுங்க.